பேசாத கடன்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வாங்கியதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பும் கடன். மனிதன் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியதில் ஆழ்ந்த பொருள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கடைத்தெருவிலோ அச்சொல் சுருங்கிப் போயிற்று. ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகை தொங்காத மளிகைக் கடையை நான் சிறுவயதில் கண்டதில்லை. அன்பை முறிக்கும் கடன் எது, அன்பினால் வந்த கடன் எது, அன்பு என்ற சொல்லையே அறியாமல் வாசலில் வந்து நிற்கும் கடன் எது என்பதையெல்லாம் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு நேர்ந்தது. அது காயல்பட்டினத்தில் அன்று. லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், கவுன்சில் வரி என்னும் காகிதத்தின் வாயிலாக நேர்ந்தது.

ஊரிலுள்ள வாசகர்களுக்கு இவ்வரியைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். நம் நாட்டில் நகராட்சிக்குச் செலுத்தும் வீட்டு வரி, வீட்டுக்காரரைச் சேர்ந்தது. வாடகைக்கு இருப்பவர் பொதுவாக அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பிரிட்டனில் அப்படியன்று. பெரும்பாலும் குடியிருப்பவரே வரி கட்ட வேண்டும். ஒரு சாண் நிலமும் சொந்தமில்லாத வாடகைக் குடித்தனக்காரரும் கட்ட வேண்டும். குப்பை அகற்றுதல், தெருவிளக்கு, நூலகம், முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் நலம் ஆகிய யாவும் இதிலிருந்து ஒரு பங்கைப் பெறுகின்றன.

1990-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி நடைமுறைக்கு வந்தது. பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு கொண்டுவந்த அவ்வரியை எதிர்த்து மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு மார்ச் 31-ஆம் நாள் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெருங்கலவரம் மூண்டது. ஆண்டு முடியுமுன் தாட்சர் பதவியைத் துறந்தார். அத்தலைவரிக்கு மாற்றாக 1993 ஏப்ரலில் வந்ததே கவுன்சில் வரி. இங்கிலாந்தில் வீடுகளை ‘ஏ’ முதல் ‘எச்’ வரை எட்டு வகுப்புகளாகப் பிரித்து, 1991 ஏப்ரல் 1-ஆம் நாள் அவ்வீடு என்ன விலை பெற்றிருக்கும் என்ற கணிப்பின்மேல் வரியை விதித்தார்கள். அதற்குப் பின் எழுந்த வீடுகளுக்கும் அந்த நாளின் விலையே அளவுகோலாயிற்று. வயது வந்தவர் ஒருவரே வசித்தால் காற்பங்கு தள்ளுபடி உண்டு. ஆண்டு வரியை வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணைகளில் கட்டுவார்கள். பன்னிரண்டு தவணையாக்கித் தரும்படி கேட்கும் உரிமை 2013-இல் வந்தது.

இதில் நாம் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. இவ்வரி வீட்டின் விலையைப் பார்த்துப் போடப்படுகிறது. உள்ளேயிருப்பவரின் அடுப்பு இந்த மாதம் எரிகிறதா என்பதை அது தானாக விசாரிப்பதில்லை. நாமாகச் சென்று சொன்னாலன்றிக் கவுன்சிலுக்குத் தெரிவதும் இல்லை.

அலமாரியில் இருந்த உறை

2019 அக்டோபரில் எனக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நான் சரக்குக் கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்த்து வந்தேன். சிகிச்சைக்கு அந்நாட்டு அரசு மருத்துவமனையில் காசு கேட்கவில்லை. அதற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். ஆனால், வேலைக்குச் செல்லாத நாட்களுக்குக் கிடைத்தது சட்டம் விதித்த குறைந்த அளவு நோய்க்காலப் படி மட்டுமே. அது வாரத்துக்கு 94 பவுண்டு 25 பென்ஸ். மனைவி வீட்டில் இருந்தபடியே துணி தைத்து ஈட்டியது சிறு தொகை. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் இறுதிக்குள் வீட்டு வாடகையில் 180 பவுண்டு நின்றது. மின்சாரத்தில் 40 பவுண்டு பாக்கி. ஆண்டுக்கு 1,320 பவுண்டாக வந்த கவுன்சில் வரியில் ஏழு தவணைகளைக் கட்டியிருந்தோம். நவம்பர்த் தவணையான 132 பவுண்டு நின்றுவிட்டது. 2018-இல் உம்மாவின் உடல்நிலை மோசமானபோது அவசரமாக ஊருக்குப் போய்வந்த பயணச் செலவு, கடனட்டையில் 2,300 பவுண்டாக இருந்தது.

இவற்றோடு இன்னொரு கடன். அதே 2018-இல் உம்மாவின் இருதயச் சிகிச்சைக்குத் திருநெல்வேலி மருத்துவமனையில் கட்டுவதற்காக, என் பெரிய வாப்பாவின் மகன் 1,50,000 ரூபாய் கொடுத்தார்கள். நான் அவர்களைக் காக்கா என்று அழைத்து வளர்ந்தவன். சீட்டு எழுதித் தருகிறேன் என்றேன். “உம்மா உனக்கு மட்டுமா உம்மா? காகிதம் எதுக்குத் தம்பி?” என்று கேட்டுவிட்டுப் பணத்தை என் கையில் வைத்தார்கள். கெடு சொல்லவில்லை. பின்னர் ஒருநாளும் வாய்திறந்து கேட்கவும் இல்லை.

அந்தக் காக்காவின் மகளுக்கு 2020 ஜனவரியில் நிக்காஹ் என்று நாள் குறித்திருந்தார்கள். பெண் மக்களின் கல்யாணம் காயல்பட்டினத்துக் குடும்பங்களில் எவ்வளவு பெருஞ்செலவு என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அதற்குள் ஒரு பகுதியையேனும் அனுப்பிவிட வேண்டுமென்று, நான் நலமாக இருந்த மாதங்களில் நானும் மனைவியும் சேர்த்து வைத்த 420 பவுண்டு ஓர் உறையில் அலமாரிக்குள் இருந்தது. வாடகை நின்றபோதும் மின்சாரம் நின்றபோதும் அந்த உறையை நாங்கள் தொடவில்லை.

அந்த வேளையில்தான் கவுன்சிலிடமிருந்து நினைவூட்டுக் கடிதம் வந்தது. ஏழு நாட்களுக்குள் நவம்பர்த் தவணையைக் கட்ட வேண்டும். தவறினால் தவணையாகக் கட்டும் உரிமை போய்விடும். ஆண்டின் மீதி 396 பவுண்டையும் ஒரே முறையில் செலுத்த நேரும் என்று அதில் கண்டிருந்தது. கடிதத்தைப் படித்துச் சொன்னேன். என் பார்வை எங்கே போகிறது என்பதை மனைவி உணர்ந்துகொண்டாள்.

“அது நிக்காஹ் வீட்டுக் காசு. அதுல கை வச்சிட்டு அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?” என்றாள். அவள் கேட்டதில் குற்றம் இல்லை. நம் குடும்பங்களில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் கேட்பாள், கேட்கவும் வேண்டும்.

ஒரே தாளில் எல்லாக் கடனும்

பிரிட்டனில் கடன்பட்டோர்க்கு இலவசமாக ஆலோசனை கூறும் அமைப்புகள் உள்ளன. 1939-இல் தொடங்கிய சிட்டிசன்ஸ் அட்வைஸ், தொலைபேசியிலேயே வழிகாட்டும் நேஷனல் டெட்லைன், ஸ்டெப்சேஞ்ச் ஆகியவை அவற்றுள் பலரும் அறிந்தவை. அத்தகைய அலுவலகம் ஒன்றுக்கு, கடிதம் வந்த மூன்றாம் நாள் ஊன்றுகோலுடன் சென்றேன். அங்கிருந்த ஆலோசகர் நடுவயதைக் கடந்த அம்மையார். அவர் அறிவுரை எதுவும் தொடங்காமல், அச்சிட்ட ஒரு தாளை எடுத்து என்முன் வைத்தார். வரவு இவ்வளவு, உணவுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று எழுதச் செய்தார். பின்னர்க் கடன்களை இரண்டு பத்திகளாகப் பிரிக்கச் சொன்னார்.

முதற்பத்தி, முந்திக் கட்ட வேண்டிய கடன்கள். தொகை பெரிதாக இருப்பது இதற்குக் காரணமன்று. கட்டாவிட்டால் நேரும் இழப்பு பெரிதாக இருப்பதே காரணம். வாடகை நின்றால் வீடு போகும். மின்சாரம் நின்றால் இருளும் குளிரும். கவுன்சில் வரி நின்றால் நீதிமன்றம், சம்பளப் பிடித்தம், அமீனா. வேண்டுமென்றே கட்டாதவர் என்றோ, குற்றமான அலட்சியம் காட்டியவர் என்றோ மாஜிஸ்திரேட் முடிவு செய்தால் மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பவும் அப்போது இங்கிலாந்துச் சட்டம் இடந்தந்திருந்தது. வேல்ஸ் நாடு அந்தத் தண்டனையை அவ்வாண்டு ஏப்ரலில்தான் நீக்கியிருந்தது. கடனட்டை இரண்டாம் பத்தியில் இடம்பெற்றது. அந்நிறுவனத்தார் நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பார்கள், கடிதம்மேல் கடிதம் எழுதுவார்கள், வழக்கும் போடலாம். ஆனால், அவர்களால் உடனே நம் கதவுக்கு அமீனாவை அனுப்ப இயலாது. முதலில் வழக்குப் போட்டுத் தீர்ப்புப் பெற வேண்டும். அதன் பின்னும் நம் வருவாய்க்கேற்பத் தவணை கேட்க வழி உண்டு.

இரண்டாம் பத்தியின் கடைசி வரியில் ‘உறவினர், நண்பர்’ என்று அச்சிட்டிருந்தது. அதற்கு நேரே காக்காவின் தொகையை எழுதச் சொன்னார். என் கை நின்றுவிட்டது. தொலைக்காட்சி உரிமக் கட்டணம் முதற்பத்தியில் இருக்கிறது. என் உம்மாவின் உயிரைக் காத்த பணம் இரண்டாம் பத்தியின் கடைசி வரியில் இருக்கிறது! “இந்த வரிசை நியாயம்தானா?” என்று கேட்டேன். “இது நியாயத்தின் வரிசை என்று யாரும் சொல்லவில்லை. தாமதித்தால் எது உங்கள் குடும்பத்துக்கு ஆபத்தாகும் என்பதற்காக மட்டும் போட்ட வரிசை. கவுன்சிலுக்கு உங்களைத் தெரியாது. உங்கள் அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தவரிடம்தானே உண்மையைச் சொல்லிப் பொறுக்கச் சொல்ல முடியும்?” என்றார் அந்த அம்மையார்.

பிறகு அவர் இன்னொரு கணக்கையும் போட்டுக் காட்டினார். நினைவூட்டைப் பொருட்படுத்தாவிட்டால் 396 பவுண்டு முழுதும் கடனாகும். சம்மனும் நீதிமன்ற ஆணையும் வந்தால், கவுன்சில் அந்தச் செலவையும் சேர்க்கும். ஏறத்தாழ நூறு பவுண்டு என்று வைத்தால் 496. அமீனாவிடம் பொறுப்பு சென்று, அவர் எழுதும் முதற் கடிதத்துக்கு, 2014-ஆம் ஆண்டு விதிப்படி 75 பவுண்டு, ஆக 571. அவர் வாசலுக்கு வந்துவிட்டால் 235 பவுண்டு, ஆக 806. பட்ட கடன் சில மாதங்களில் இருமடங்குக்கு மேலாகிறது. அப்படிக் கூடும் பணத்தில் ஒரு காசுகூடக் காக்காவுக்குப் போகப் போவதில்லை. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே எனக்குத் தெளிவு பிறந்தது. கவுன்சிலுக்கு முந்திக் கொடுப்பது காக்காவைப் பிந்தித் தள்ளுவதாகாது. முந்திக் கொடுக்காவிட்டால்தான் காக்காவின் பணத்தை அமீனாவுக்குக் கொடுத்தவனாவேன்.

வீடு திரும்பி அந்தத் தாளை மனைவியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவளே எழுந்து சென்று உறையை எடுத்து வந்தாள். கவுன்சிலுக்கு 132, வாடகைக்கு 180, மின்சாரத்துக்கு 40 என எண்ணி வைத்தாள். மீதி 68 பவுண்டு இருந்தது. ஊர்க்கணக்கில் அது ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல்.

அன்றே மற்றொரு விண்ணப்பமும் அனுப்பினோம். வருமானம் குறைந்தவர்க்குக் கவுன்சில் வரியில் குறைப்பு உண்டு. நாடு முழுதும் ஒரே வகையாக இருந்த வரிச் சலுகை 2013 ஏப்ரலில் நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக, இங்கிலாந்தில் உழைக்கும் வயதினர்க்கு ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனித் திட்டம் வகுத்துக்கொண்டது. ஆகவே, பக்கத்து ஊரில் கிடைப்பது நம் ஊரில் கிடைக்காமலும் போகலாம். கேட்டுத்தான் அறிய வேண்டும். எதிலும் அடங்காத இடுக்கணில் இருப்பவர்க்குத் தனிப்பட வரியைக் குறைக்கும் அதிகாரத்தையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஏ பிரிவு கவுன்சிலுக்கு அளித்திருக்கிறது. எங்களுக்குக் குறைப்புக் கிடைத்தது. மீதித் தவணைகள் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கின. கடனட்டை நிறுவனத்துக்கு அதே வரவுசெலவுத் தாளின் நகலை அனுப்பி, மாதம் ஐந்து பவுண்டுதான் இயலும், வட்டியை நிறுத்த வேண்டும் என்று எழுதினோம். ஆறு வாரத்தில் வட்டி நின்றது. வட்டி என்ற சொல்லே நெஞ்சில் முள்ளாகக் குத்தும் ஒரு வீட்டில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

காக்காவுக்கு எழுதிய கடிதம்

எஞ்சியது காக்காவுக்குச் சொல்ல வேண்டியது. கவுன்சிலுக்கு எழுத அரைமணி நேரம் ஆயிற்று. காக்காவுக்கு எழுத இரண்டு இரவுகள் ஆயின. நலம் விசாரித்துவிட்டுச் சூழ்நிலை சரியில்லை என்று மழுப்பலாக நான்கு வரி எழுதியிருக்கலாம். நம்மில் பலர் உறவுக்கு எழுதுவது அப்படித்தான். அந்நியருக்குப் பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டுவோம். உறவினருக்கு ‘இன்ஷா அல்லாஹ், சீக்கிரம்’ என்று சொல்லி முடித்துவிடுவோம். இறைவன் நாடினால் என்ற அந்தத் தூய சொல்லைத் தேதி சொல்லாமல் தப்பும் வழியாக நாம் ஆக்கிக்கொண்டது எவ்வளவு பெரிய அநியாயம்!

கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் வசனங்களில் மிக நீண்டது என்பதை நாம் அறிவோம். அது இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அந்நியருக்கு மட்டும் எழுது, உறவுக்கு வேண்டாம் என்று அதில் விலக்கு இல்லை. ஆகவே, கவுன்சிலுக்குக் காட்டிய அதே தாளின் நகலைக் கடிதத்துடன் இணைத்தேன். உறையில் இருந்த பணம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்பதை எழுதினேன். இப்போது 6,000 ரூபாய். மீதி 1,44,000 ரூபாய். 2020 மார்ச் முதல் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி 4,000 ரூபாய். 36 மாதங்களில், 2023 பிப்ரவரியில் முடியும் என்று குறித்து, கீழே கையொப்பமிட்டேன். என் உயிர் இடையில் பிரிந்தால் இத்தாளே அத்தாட்சி என்றும் சேர்த்தேன்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. “கல்யாணம் நடக்கும் தம்பி, நீ கவலைப்படாதே. தேதி போட்டு எழுதினியே, அது போதும்” என்றார்கள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பணத்தைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

நிக்காஹ் நல்லபடி நடந்தது. பல மாதங்களுக்குப் பின், ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: அந்தக் கல்யாணத்துக்காகக் காக்கா தம் மனைவியின் காப்புகளை அடகு வைத்திருந்தார்களாம். எவ்வளவுக்கு, எவ்வளவு வட்டிக்கு என்று நான் கேட்டதற்குக் காக்கா இன்றுவரை பதில் சொல்லவில்லை. அமீனா நம் கதவைத் தட்டியிருந்தால், அன்றைய விதிப்படி நம்மிடம் 235 பவுண்டு வாங்கியிருப்பார். காக்கா என் கதவைத் தட்டாமல் இருந்ததற்குத் தாமே வட்டி கட்டினார்கள். இந்தக் கணக்கு எந்த ஆலோசகரின் தாளிலும் இல்லை. பேசாத கடனும் வளர்கிறது. ஆனால், அது கொடுத்தவர் வீட்டில் வளர்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

2020 ஜனவரியில் வேலைக்குத் திரும்பினேன். பெருந்தொற்றுக் காலத்திலும் கிடங்கு மூடப்படவில்லை. மாதத்தின் முதற் செலவாக வாடகையும் கவுன்சில் வரியும், அடுத்ததாகக் காக்காவின் 4,000 ரூபாயும் என்று வைத்துக்கொண்டோம். ஒரு மாதமும் தவறாமல், சொன்னபடி 2023 பிப்ரவரி ஐந்தாம் தேதி அது முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள்

கிழக்கு லண்டனில் வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் சிலர் அந்த நாளுக்குப் பிறகு என்னிடம் தங்கள் காகிதங்களைக் கொண்டு வருகிறார்கள். பிரிக்காத உறைகள் சிலவும் அவற்றில் இருக்கும். அவர்களிடம் நான் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

கவுன்சில் கடிதத்தை வந்த அன்றே பிரியுங்கள். அந்த ஏழு நாளில் ஒரு தொலைபேசி செய்யும் வேலையை ஏழு மாதம் கழித்து எழுநூறு பவுண்டும் செய்யாது. பழைய கடனை அடைக்கப் புதிய வட்டிக் கடன் வாங்காதீர்கள். கவுன்சில் வரிக்காக வரும் அமீனா, முதல்முறை வரும்போது நாம் அனுமதிக்காமல் பூட்டை உடைத்து உள்ளே நுழைய முடியாது. கதவைத் திறக்காமலே பேசலாம். ஆனால், பேசாமல் இருந்துவிடக் கூடாது. 2021 மே 4-ஆம் நாள் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘பிரீத்திங் ஸ்பேஸ்’ என்னும் அவகாசத் திட்டம் நடப்புக்கு வந்தது. கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்துத் தகுதி பெற்றவர்க்கு அறுபது நாட்கள் பெரும்பாலான கடன்களின் வட்டியும் கட்டணமும் வசூல் நடவடிக்கையும் நிறுத்தி வைக்கப்படும். கவுன்சில் வரி பாக்கியும் அதில் அடங்கும். கடன் அதனால் அழிவதில்லை. மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர் என்று இறைமறையே வகுத்திருக்க, அதைக் கேட்பதற்கு வெட்கப்பட்டுக் கடனட்டைக்காரரிடம் மட்டும் வெட்கமின்றிக் கையேந்துவது என்ன முறை? பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாஅத்துகளும் இதைச் சிந்திக்க வேண்டும். 400 பவுண்டு வரி 800 ஆன பிறகு உதவுவதைவிட, 132 ஆக இருக்கும்போதே உதவுவது ஸகாத் பணத்துக்கும் சிக்கனம், கடன்பட்டவரின் மானத்துக்கும் காப்பு.

நம்மவரின் ஜனாஸாவில் ஒரு வழக்கம் உண்டு. தொழுகைக்கு முன் மய்யித்தின் வீட்டார் ஒருவர் எழுந்து, இவர் யாருக்கேனும் கடன் தரவேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு என்று அறிவிப்பார். அந்த வரிசையில் கவுன்சில் வந்து நிற்காது. கடனட்டைக்காரரும் நிற்க மாட்டார். அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, அமீனா இருக்கிறார். அங்கே தலைகுனிந்து நின்றுகொண்டு, கேட்பதா வேண்டாமா என்று தயங்குபவர் நம் காக்காவைப் போன்றவர்தான். பெரும்பாலும் அவர் கேட்காமலே திரும்பிவிடுவார்.

ஆகவே, பேசும் கடனுக்கு முதலில் பணத்தைக் கொடுங்கள். பேசாத கடனுக்கு முதலில் தேதியைக் கொடுங்கள். கேட்க ஆளில்லாத கடனுக்கு நாமே அமீனாவாக இருந்து, மாதந்தோறும் நம் வாசலை நாமே தட்ட வேண்டும். எல்லாம் வல்ல அல்லாஹ், நம் கடன்களை நம் வாழ்நாளிலேயே, நம் கையாலேயே அடைத்து முடிக்க அருள்புரிவானாக!